பழைய கார்டும் தருணி டிரான்ஸ்போர்ட்டும்

ஜூன் 9, ஞாயிறு

கம்ப்யூட்டர் லாரி ஆட்டத்துக்கு அப்டேட் வந்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை யார் கெடுக்கச் சொன்னார்களோ தெரியவில்லை. மழை பெய்தால் ரோட்டில் தண்ணீர் பளபளக்கிறதாம், மரத்துக்கு மரம் நிழல் விழுகிறதாம். லாரி ஓட்டுகிறவனுக்கு மரத்தின் நிழல் எதற்கு? என் கம்ப்யூட்டரில் இருப்பது எட்டு வருடத்துப் பழைய கிராபிக்ஸ் கார்டு. இந்தப் பளபளப்பையெல்லாம் வரைய முடியாமல் அது திக்குகிறது. வினாடிக்கு அறுபது படம் காட்டிக்கொண்டிருந்தது, இன்று இருபதைத் தாண்டவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் லாரி யோசித்துவிட்டுத் திரும்புகிறது.

வெறும் விளையாட்டு என்றால் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பேன். ஞாயிறு நாலு மணி என்பது எனக்கும் என் மகள் தருணிக்குமான நேரம். அவள் நாகர்கோவிலில் அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு லாரியை எடுப்பாள், நான் ஈரோட்டில் ஒன்றை எடுப்பேன். இரண்டும் ஒரே ரோட்டில் போகும். மைக்கில் பேசிக்கொண்டே ஓட்டுவோம். வாரத்தில் அவளோடு நான் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நாளில் பேச வேண்டும் என்றால் சுகந்தியின் நம்பருக்கு அடித்து, கொஞ்சம் அவளிடம் கொடு என்று கேட்க வேண்டும். விவாகரத்து வாங்கிக்கொண்டு போனவளிடம் கெஞ்ச எனக்கென்ன தலையெழுத்தா?

இன்று என் லாரி திக்கித் திக்கி வர, அவள் முன்னால் போய் ஒரு பாலத்துச் சுவரில் உரசினாள். பதின்மூன்று வயதாகிறது, வளைவில் வேகத்தைக் குறைக்கத் தெரியவில்லை. எங்கே தவறு என்று வழக்கம்போல எடுத்துச் சொன்னேன். சரக்கு ஏற்றும்போது பின்பக்கம் இடித்ததையும் சொன்னேன். போன வாரம் இடித்ததையும் ஞாபகப்படுத்தினேன். "சரிங்ப்பா" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசவே இல்லை. அந்தப் பக்கம் நெட் மந்தமாக இருந்திருக்கும்.

ஜூன் 11

கார்டைக் கழற்றிக்கொண்டு பிரப் ரோட்டில் லோகுவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவன் அதைக் கையில்கூட வாங்கவில்லை. இதையெல்லாம் அக்கட்டால போட்டுட்டுப் புதுசு போட்டுக்கோங்ணா என்றான். பேன் பிடித்திருக்கிறது என்று போனால் தலையை மாற்றச் சொல்கிற வைத்தியன்.

புதிது வாங்க வக்கில்லாமல் இல்லை. போன மாதம் தருணி ஒரு சேதி சொன்னாள். சார் என்னைப் புதுக் கார்டு வாங்கச் சொன்னாராம், இல்லையென்றால் அவரிடம் ஒன்று சும்மா கிடக்கிறதாம், அனுப்பட்டுமா என்று கேட்டாராம். சார் என்பது செல்வின். சுகந்தியின் இப்போதைய புருஷன், பாலிடெக்னிக் வாத்தியார். தெருவே சார் என்று கூப்பிடுவதால் இவளும் சார் என்கிறாள். அப்பா என்று கூப்பிடாத வரைக்கும் சரி. அவன் போட்ட பிச்சையில் நான் லாரி ஓட்ட வேண்டுமா? கடையில் வாங்கினாலும் அவன் சொல்லி வாங்கியதாகத்தான் ஆகும். ஆகவே இந்தக் கார்டுதான் ஓடும். ஓட வைப்பேன். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி.

ஜூன் 13

கார்டைப் பிரித்தேன். விசிறிக்கு அடியில் கம்பளி மாதிரி தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். சிப்புக்கும் அதன் தலைமேல் இருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை இருக்கும், சூட்டைக் கடத்துவதற்கு. அது வெற்றிலைத் தட்டில் காய்ந்த சுண்ணாம்பாகக் கிடந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்தேன். மூடி, ஓட்டிப் பார்த்தேன். சூடு நன்றாக இறங்கியிருக்கிறது. இருபது என்பது இருபத்தெட்டு ஆகியிருக்கிறது. லோகு கையில்கூட வாங்காத கார்டு இது.

ஜூன் 16, ஞாயிறு

தருணியின் மைக் கெட்டுவிட்டதாம். அவள் டைப் அடிக்கிறாள், நான் மைக்கில் பேசுகிறேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறாள், படித்துப் பழக வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் இருக்கிறார், ஒரு மைக்கைச் சரிபண்ணித் தர யோக்கியதை இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இன்று நன்றாக ஓட்டினாள். ரயில்வே கேட்டில் நின்றாள். திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டர் போட்டாள். நான் பின்தங்கினால் ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தாள். நான் மூன்று வருடமாகச் சொன்னது கடைசியில் மண்டையில் ஏறியிருக்கிறது. கண்டித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று சுகந்தியிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டாளா?

ஜூன் 20

நான் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிய வண்டியைப் பார்த்து, சொல்கிற கதை உண்மையா என்று எழுதிக் கொடுப்பது வேலை. இன்று பெருந்துறையில் ஒருத்தர், மாடு குறுக்கே வந்தது என்றார். மாடு என்ன நிறம், எந்தப் பக்கமிருந்து வந்தது, வாலை எப்படி ஆட்டியது என்றெல்லாம் சொன்னார். பம்பரில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. பச்சை மாடுங்களா என்று கேட்டேன். முகம் செத்துவிட்டது. ஒருத்தன் என்னை ஏமாற்ற வேண்டும் என்றால் இன்னொரு ஜென்மம் எடுத்துத்தான் வர வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

நகரத்துக்குள் நுழைந்தால் கார்டு இன்னும் மூச்சு வாங்குகிறது. நிழலை அணைத்தேன், தண்ணீர்ப் பளபளப்பை அணைத்தேன், தூரத்து மரங்களை வெட்டினேன். போதவில்லை. அப்போது தருணி ஒரு யோசனை அடித்தாள். "சைடு கண்ணாடி ரெண்டையும் அணைச்சுப் பாருங்கப்பா. கண்ணாடி ஒவ்வொண்ணும் ரோட்டத் திரும்ப ஒருதடவ வரையும். கார்டுக்கு மூணு மடங்கு வேலை."

அணைத்தேன். சட்டென்று முப்பத்தைந்துக்கு ஏறியது. யூடியூபில் எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஒருத்தனும் இதைச் சொல்லவில்லை. என் ரத்தம் அப்படி. இந்த மூளை அந்த வீட்டில் வேறு யாரிடமிருந்தும் வந்திருக்க முடியாது.

ஒரே குறை, பின்னால் வருவது தெரியாது. எனவே நீ எப்போதும் எனக்கு முன்னால்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதானே எப்படி ஓட்டுகிறாள் என்று நான் பார்க்க முடியும்.

ஜூலை 3

டிரைவர் என்று ஒரு மென்பொருள் உண்டு. கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று தூது போவது. ‘வணக்கம் மக்களே’ என்று கூவும் ஒரு யூடியூப் பையன், புதிய டிரைவரைப் போட்டால் வேகம் இரண்டு மடங்காகும் என்றான். போட்டேன். இருந்ததும் போயிற்று. புதிய டிரைவர் புதிய கார்டுகளுக்குத்தான் சேவகம் செய்கிறது, எட்டு வருடத்துக் கிழத்தை யார் மதிக்கிறார்கள்? எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு இரண்டு வருடம் பழைய டிரைவரைத் தேடிப் போட்டேன். இப்போது பரவாயில்லை. கூவுகிறவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, ஊருக்கெல்லாம் உபதேசம்.

ஜூலை 7, ஞாயிறு

என் லாரி மேட்டில் பின்தங்கியபோது, "பைய வாங்கப்பா, நான் நிக்கேன்" என்று அடித்தாள்.

பைய. நிக்கேன். ஈரோட்டில் பிறந்து பத்து வயது வரை இங்கே வளர்ந்த பிள்ளை. வாய்க்கு வாய் ‘ங்’ போட்டுத்தான் பேசுவாள். என்னங்ப்பா, இல்லீங்ப்பா என்று அந்த ‘ங்’ இல்லாமல் அவளுக்கு வாக்கியமே முடியாது. இப்போது மூன்று வாரமாகப் பார்க்கிறேன், ஒரு ‘ங்’ இல்லை. வழித்துத் துடைத்துவிட்டார்கள். அந்த வாத்தியாரின் வேலைதான். பேச்சை மாற்றினால் பிள்ளையையே மாற்றின மாதிரி.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவனைப் பற்றி நாலு வார்த்தை மைக்கில் சொன்னேன். அடுத்த தெருவில் தயிர் வாங்கப் போவதற்கும் ஹெல்மெட் மாட்டுகிற ஆள், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத மூஞ்சி, முதுகெலும்பு என்ற ஒன்றை வைக்க ஆண்டவன் மறந்துவிட்ட பிறவி என்று. சொன்னதில் பொய் இல்லை. பிள்ளை வெகுநேரம் ஒன்றும் அடிக்கவில்லை. பிறகு "சரிப்பா" என்று வந்தது. அவளுக்கும் அதே எண்ணம்தான் என்று தெரிகிறது.

ஜூலை 14, ஞாயிறு

இன்று ஒரு பெரிய விஷயம் பிடிபட்டது. காலி ரோட்டில் ஐம்பத்தைந்து காட்டுகிறது, ஊருக்குள் இருபத்தைந்துக்கு விழுகிறது. ஏறி ஏறி விழுவதுதான் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது. தருணி அடித்தாள்: "நாப்பதுல பூட்டிருங்கப்பா. அதுக்கு மேல போகாண்டாம்னு கார்டுக்குச் சொல்லிட்டா மூச்சு மிச்சமிருக்கும். கூட்டத்துல அத வச்சு ஓடிரும்."

பூட்டினேன். வேகம் குறைந்தது, ஓட்டம் சீரானது. குறைத்தால் கூடும் என்பது கேட்க முட்டாள்தனமாக இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு தெரிந்த பிள்ளையைக் கணக்கில் நாற்பது மார்க் என்று போன வருடம் சுகந்தி சொன்னாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஜூலை 21, ஞாயிறு

வாரம் முழுக்கக் காய்ச்சல். இருமிக்கொண்டே ஓட்டினேன். மூன்று நாள் படுத்தே கிடந்தேன், பக்கத்து வீட்டுக்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை, நீ இருந்திருந்தால் கஞ்சியாவது வைத்துக் கொடுத்திருப்பாய் என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டாக்டரிடம் போனீர்களா, என்ன மாத்திரை, சாப்பிட்டதும் போடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்வி. பெரிய மனுஷி.

ஜூலை 28, ஞாயிறு

நடுவழியில் "செத்த பொறுங்க, சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று அடித்துவிட்டுப் போனாள். பதின்மூன்று வயதில் டீ. என் வீட்டில் இருந்தவரை பால்தான். என்ன வளர்ப்போ.

ஆகஸ்ட் 6

கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். தேவைக்கு மேல் கொடுத்துத்தான் விற்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் ஆட்டம் நின்றுபோகிறதோ அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும். அதே வேகம், பாதி சூடு, விசிறிச் சத்தமும் இல்லை. தருணி போன வாரம் படிப்படியாக அடித்துக் காட்டினாள். இரண்டு முறை திரை கறுத்து எல்லாம் நின்றது. மூன்றாவது முறை பிடித்துவிட்டேன்.

லோகு வழியில் பார்த்து, கார்டு என்னங்ணா ஆச்சு என்று கேட்டான். ஓடுகிறது என்றேன். சிரித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று அணைத்து வைத்திருந்த கண்ணாடி இரண்டையும் திரும்பப் போட்டேன். மழை பெய்தது. ஊருக்குள் போனோம். எதிரில் வரிசை வரிசையாக வண்டிகள். நாற்பதிலிருந்து ஒரு நூல் இறங்கவில்லை. எட்டு வருடத்துக் கார்டு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் ஓடுகிறது. முன்னால் ‘தருணி டிரான்ஸ்போர்ட்’ என்று பின்கதவில் எழுதிய அவள் லாரி. அந்த எழுத்தைத் தூரத்திலிருந்து இவ்வளவு தெளிவாகப் பார்த்ததே இல்லை.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். ஞாயிற்றுக்கிழமையும் விடாத கிளைம் பார்ட்டி எவனோ என்று மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"அப்பா, நான் தருணிங்ப்பா. நாங்க பைனலுக்குப் போயிட்டோம்."

முன்னால் போன லாரி வலது இண்டிகேட்டர் போட்டது. எதிரில் வந்த வண்டிக்கு நின்று வழிவிட்டது. பிறகு திரும்பியது.

எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். மார்த்தாண்டத்தில் ஒரு வாலிபர் சங்கம் நடத்துகிற எறிபந்துப் போட்டியாம். பி.டி. டீச்சரின் போனாம். அம்மா எடுக்கவில்லையாம், அப்பா நம்பர் மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அடித்தாளாம். பின்னால் ஒரே கூச்சல். அவள் எறிபந்து விளையாடுகிறாள் என்பதே எனக்குச் செய்தி.

"அப்ப லாரி?" என்று கேட்டேன்.

மெல்லக் கேட்டாள். "சார் இன்னும் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

ஒவ்வொரு சொல்லிலும் அந்த ‘ங்’ இருந்தது. எங்கும் போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ஞாயிறு சாயங்காலம் அவளுக்குப் பயிற்சியாம். "நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சுங்ப்பா. ஒரே ஒரு வாரம் எனக்குப் பதிலா ஓட்டுங்க சார்னு நான்தான் கேட்டேன். சொல்லிடுங்கன்னுதான் சொன்னேன். அவரு வாராவாரம் ஓட்டிட்டே இருந்தாரு. உங்ககூட ஓட்டுனா கை நடுங்குதுங்ப்பா. உரசிருவனோ உரசிருவனோன்னே இருக்கும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், கட்டாகிவிட்டது. அங்கெல்லாம் டவர் சரியில்லை.

திரையில் அந்த லாரி ஓரமாக ஒதுங்கி, நாலு விளக்கும் விட்டு விட்டு எரிய நின்றுகொண்டிருந்தது. கீழே எழுத்து வந்தது. "என்னப்பா நின்னுட்டீங்க. கார்டு திரும்பத் திக்குதா?"

கார்டு திக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

ஆகஸ்ட் 19

ஆள்மாறாட்டம். என் தொழிலில் இதற்கு வேறு பெயர் கிடையாது. ஒருத்தன் பேரில் இன்னொருத்தன் வண்டி ஓட்டினால் கிளைம் கிடையாது, போலீசில் கேஸ் உண்டு. இரண்டு மாதமாக நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை ஒருத்தன் என்னை அப்பா அப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். நானும் வாம்மா போம்மா என்றிருக்கிறேன். தூ.

நாகர்கோவிலுக்கு போன் போட்டுக் கிழித்துவிடலாம் என்று நம்பரை எடுத்தேன். எடுத்தால் சுகந்தி எடுப்பாள். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

அவன் சொல்லிச் செய்ததை எல்லாம் அவிழ்த்தேன். நாற்பது பூட்டைக் கழற்றினேன். மின்சாரத்தைப் பழையபடி ஏற்றினேன். அவன் மூளை ஒரு துளிகூட என் கார்டில் இருக்கக்கூடாது. தூசி தட்டியதும் பசை வைத்ததும் டிரைவரும் மட்டும் என்னுடையவை, அவை இருக்கட்டும்.

மைக்கில் நான் என்னவெல்லாம் பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதுகெலும்பு பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தபோது கொஞ்சம் திருப்தியாக இருந்தது. அவன் காதாலேயே கேட்டிருக்கிறான். கஞ்சி பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 22

பழையபடி திக்குகிறது. விசிறி அரிசி மில் மாதிரி கத்துகிறது. மறுபடியும் நாற்பதில் பூட்டி, மின்சாரத்தைக் குறைத்தேன். கார்டு என்ன பாவம் செய்தது.

ஆகஸ்ட் 23

மொடக்குறிச்சியில் ஒரு வேன். கதை சொன்னார், கேட்டேன். ஒன்றும் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அவன் வந்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு மூடிவிடலாம் என்று நாலு மணிக்குத் திறந்தேன். தருணி டிரான்ஸ்போர்ட் டிப்போ வாசலில் என்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது. தருணி அவனிடம் சொல்லியிருப்பாள், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான். ஹெல்மெட் மாட்டாமல் வந்திருக்கிறானே, அதுவரைக்கும் தைரியம்தான்.

மைக்கில் பேசப் பிடிக்கவில்லை. செல்வின் என்று டைப் அடித்தேன்.

ஆமா என்று வந்தது. அப்புறம் பெரிதாக ஒன்று வந்தது. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்காருவானாம். நான் பேசுவதைக் கேட்டபின் சொல்ல வாய் வராதாம். செய்தது தப்புதான், மன்னிக்க வேண்டும் என்றான். தருணியைக் கோபிக்காதீர்கள் என்றான். என் பிள்ளையைக் கோபிக்காதே என்று எனக்கே சிபாரிசு.

மோசடி, அயோக்கியத்தனம், உன்னை என்ன செய்கிறேன் பார் என்றெல்லாம் வாரம் முழுக்க மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். விரலை வைத்தபோது வேறு எதையோ அடித்தேன். தருணி எறிபந்தில் எந்த இடத்தில் நிற்பாள் என்று கேட்டேன்.

பின்வரிசை, இடது பக்கம் என்றான். கை நீளம் என்பதால் பி.டி. டீச்சர் அங்கே நிறுத்தியிருக்கிறாராம். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வீட்டுச் சுவரில் எறிந்து எறிந்து பிடிக்கிறாளாம், சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டதாம். நான் கேட்டுக்கொண்டே போனேன், அவன் அடித்துக்கொண்டே போனான். இரண்டு லாரியும் டிப்போவை விட்டு நகரவில்லை.

கடைசியில் அவன் சொன்னான். "சனிக்கிழம பைனல். நீங்க வரணும்."

அவள் வரச் சொன்னாளா என்று கேட்டேன்.

"கேக்க மாட்டா. உங்க பொண்ணுல்லா."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29

ரயில் டிக்கெட் போட்டேன். ஜன்னல் சீட் கிடைக்கவில்லை. வெள்ளி ராத்திரி ஊருக்குப் போகிறவன்களுக்கு வேறு வேலையே இல்லையா?

ஆகஸ்ட் 31, சனி. நாகர்கோவில் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஈரோடு வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

காலையில் ஸ்டேஷன் வாசலில் செல்வின் ஸ்கூட்டரோடு நின்றான். பின்சீட்டுக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்திருந்தான். மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லை. மார்த்தாண்டம் வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை அந்த மனுஷன்.

மைதானம் என்பது சர்ச்சுக்குப் பின்னால் ஒரு செம்மண் திட்டு. சுகந்தி கேரியரைத் திறந்து யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்தாள், தலையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். தருணி கோடு போட்ட கட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். போன வருடம் பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் பிடிக்க வேண்டிய பந்து கையில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்கப்புறம் என் பக்கம் பார்க்கவில்லை.

நடுவராக நின்றவனுக்கு ஆட்டம் தெரியாது. கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்றான். எதிர் அணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் காலேஜ் போகிற வயது, பிறப்புச் சான்றிதழை யார் பார்த்தார்கள் என்று நான் செல்வினிடம் கேட்டேன். அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தானாம். இருந்தும் கடைசி வரைக்கும் சமமாகத்தான் போனது. கடைசிப் பந்து உயரமாகத் தருணியின் பக்கம் வந்தது. நகர்ந்து, கையைத் தூக்கினாள். விரல்களுக்கு நடுவே நழுவி மண்ணில் விழுந்தது. எதிர்ப்பக்கம் விசில், ஆட்டம், சத்தம்.

தவறு எங்கே என்பது எனக்கு முதல் சில பந்திலேயே தெரிந்துவிட்டது. காலை அகல வைத்து நிற்கிறாள், அதனால் பின்னால் போக நேரமாகிறது. கை பந்துக்குப் போவதற்குப் பதில் பந்து கைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறாள். கண் கடைசி நேரத்தில் வேறெங்கோ போகிறது. சொன்னால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும்.

மற்ற பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். இவள் அழவில்லை. நேராக நடந்து வந்தாள். செல்வின் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தவன், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டான். அவள் என் முன்னால் வந்து நின்றாள். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தோளை லேசாகக் குறுக்கிக்கொண்டு நின்றாள். வெயிலில் கண் கூசியிருக்கும்.

கால் வைக்கிற விதத்தைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"பசிக்குதா?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அவ்ளோதானுங்ளாப்பா?"

"அவ்ளோதான்" என்றேன்.